டிஷ்வாஷர் செத்துக் கிடக்கிறதா? முதலில் கரன்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பட்டனை அழுத்துகிறீர்கள். லைட் இல்லை, பீப் இல்லை, ஒன்றுமே இல்லை. நேற்று ராத்திரி வரை ஒழுங்காக ஓடிய இயந்திரம். சர்வீசுக்குப் போன் செய்தால், ஆள் வந்து பார்ப்பதற்கு முன்பே பல நேரம் பதில் வந்துவிடும்: "போர்டு போயிருக்கும் சார், மாத்திடலாம்." போர்டு, அதாவது இயந்திரத்தை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை, போவதும் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் சுவரிலிருந்து கிளம்பும் கரன்ட் போர்டுக்குப் போய்ச் சேருமுன் எம்சிபி (ஷார்ட்டோ ஓவர்லோடோ ஆனால் தானே விழும் சுவிட்ச்), சாக்கெட், பிளக், ஒயர், ஃபில்டர் (கரன்டை வடிகட்டும் சின்னப் பெட்டி, அழுக்குச் சல்லடை இல்லை), பவர் சுவிட்ச் என்று பல இடங்களைத் தாண்டியாக வேண்டும். இவற்றில் எது கைவிட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான். இவை எல்லாமே போர்டைவிட மலிவு. மீட்டரைக் கையில் எடுக்காமல் போர்டு என்று சொல்பவர் ஊகிக்கிறார், அவ்வளவுதான். அந்த ஊகத்துக்குப் பணம் கொடுப்பது நீங்கள்.

மல்டிமீட்டரை இதுவரை தொட்டிராதவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கரன்ட் எந்த இடம் வரை வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதன் பிறகு நீங்களே சரிசெய்வதா, ஆளைக் கூப்பிடுவதா என்பது உங்கள் இஷ்டம். வாரன்டி முடியாத இயந்திரம் என்றால் சுவர் சாக்கெட்டைச் சோதிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறந்த அடையாளம் இருந்தால் வாரன்டியை மறுக்க அதுவே காரணமாகிவிடும். இன்னொரு விலக்கும் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்த மாதிரி, இயந்திரம் வெள்ளத்தில் நின்றிருந்தால் பிளக்கையே சொருக வேண்டாம். அதை முழுசாகப் பிரித்துக் காயவைத்துப் பார்க்க வேண்டும். அது வேறு வேலை.

தொடுவதற்கு முன்

விதி ஒன்றுதான். கரன்ட் இருக்கும்போது அளப்பது சுவர் சாக்கெட்டில் மட்டும். இயந்திரத்தைத் திறந்தபின் அளப்பதெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகு. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் சப்ளையோடு உள்ளே அளப்பார்கள். புதியவர் அதைச் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. கண்டுபிடிக்க வேண்டியதில் பெரும்பகுதியைச் சப்ளை இல்லாமலே கண்டுபிடித்துவிடலாம்.

சுவிட்சை அணைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. பழைய வீடுகளில் ஃபேஸும் (கரன்ட் வரும் ஒயர்) நியூட்ரலும் (அது திரும்பிப் போகும் ஒயர்) இடம் மாறி இழுக்கப்பட்டிருப்பது சகஜம். அப்படிப்பட்ட சாக்கெட்டில் சுவிட்ச் நியூட்ரலைத்தான் வெட்டும்; இயந்திரத்துக்குள் 230 வோல்ட் அப்படியே நிற்கும். அதனால் பிளக் உங்கள் கண்ணெதிரே தரையில் கிடக்க வேண்டும். பிடுங்கியவுடன் திறக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர் 230 வோல்ட் ஏசியை 325 வோல்ட் அளவுக்கு டிசியாகப் பிடித்து வைத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கியவுடனே அது காலியாகிவிடாது.

தண்ணீர்க் குழாயை மூடுங்கள். தரையைத் துடைத்துவிட்டு ரப்பர் செருப்போடு நில்லுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும் நேரமாகப் பாருங்கள். தடித்த கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், அது கரன்டுக்காக இல்லை. அடிப்பக்கத் தகரத்தின் விளிம்பு கையைக் கிழித்துவிடும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். மல்டிமீட்டர், டார்ச், டி15, டி20 அளவு நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், ஒரு பிளஸ் ஸ்க்ரூ டிரைவர், போட்டோ எடுக்கப் போன். மல்டிமீட்டர் வாங்க மவுன்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால் கடைக்குக் கடை தொங்கும். இருப்பதிலேயே மலிவான மீட்டரை எடுக்காதீர்கள். சுவரில் அளக்கப்போவதால் "கேட் 3, 600 வோல்ட்" என்று அச்சிட்டிருப்பதாகவும், ஒயர் தடிமனாகவும் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் சிவப்பு ஒயர் எந்தத் துளையில் சொருகியிருக்கிறது என்று பாருங்கள். 10 ஆம்பியர் என்று எழுதிய துளையில் சிவப்பு ஒயர் இருக்கும்போது ப்ரோப்பை, அதாவது ஒயர் முனையில் உள்ள ஊசியை, சுவர் சாக்கெட்டில் வைத்தால் அது நேரடி ஷார்ட். மீட்டர் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

சுவரிலிருந்து ஆரம்பியுங்கள்

சாக்கெட்டில் கரன்ட் இருக்கிறதா என்று பார்க்கப் போன் சார்ஜரைச் சொருகிப் பார்ப்பவர்கள் அதிகம். அது ஏமாற்றும். சார்ஜருக்குத் துளியூண்டு கரன்ட் போதும். அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லூஸ் கனெக்‌ஷனிலும் அது வேலை செய்துவிடும். தண்ணீரைச் சூடாக்கும் நேரத்தில் டிஷ்வாஷர் இழுப்பது 2000 வாட்டுக்கு மேல், அதாவது 9, 10 ஆம்பியர். அதனால் இஸ்திரிப் பெட்டியையோ மின்சாரக் கெட்டிலையோ அதே சாக்கெட்டில் சொருகி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ஒழுங்காகச் சுட்டால் சாக்கெட் பாஸ். பிறகு பிளக்கைப் பிடுங்கி அதன் பின்களைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைக் கவ்வி தளர்ந்துவிட்டது, சாக்கெட்டை மாற்றியே ஆக வேண்டும்.

டிஷ்வாஷரின் பிளக்கையும் திருப்பிப் பாருங்கள். ஒரு பின் மட்டும் நிறம் மாறி, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தால் பிரச்சினை கிடைத்துவிட்டது. 16 ஆம்பியர் பிளக்கை 6 ஆம்பியரில் சொருகத் தரும் கன்வெர்ட்டரோ, எக்ஸ்டென்ஷன் பாக்ஸோ நடுவில் இருந்தால் முதலில் அதைச் சந்தேகியுங்கள். பிளாட்டுகளில் சமையலறை சாக்கெட் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் கணக்குப் போட்டு வைத்ததுதான், டிஷ்வாஷர் பின்னால் வந்த விருந்தாளி. அதனால் இந்த ஏற்பாடு ஏராளமான வீடுகளில் இருக்கிறது. சில மாதம் ஓடும், அப்புறம் கருகும்.

சரி, மீட்டரை எடுங்கள். குமிழை ஏசி வோல்ட்டில், 600 அல்லது 750 என்ற இடத்தில் வையுங்கள். நம் சாக்கெட்டில் மேலே இருக்கும் பெரிய துளை எர்த். எதிரே நின்று பார்த்தால் வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். வலதுக்கும் இடதுக்கும் நடுவே 230க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 210 முதல் 250 வரை இருந்தால் கவலை வேண்டாம். வலதுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு. இடதுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட், அதிகம் போனால் ஐந்து. குழந்தைகளுக்காக ஷட்டர் வைத்த சாக்கெட்டில் ப்ரோப் நுழையாது. எர்த் துளையில் எதையாவது குத்தித் திறந்து அளக்க முயல வேண்டாம், இஸ்திரிப் பெட்டிச் சோதனையே போதும்.

ஃபேஸ், நியூட்ரல் நடுவே 60, 90 என்று தள்ளாடும் எண் வந்தால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. இங்கேதான் டெஸ்டரை (உள்ளே சின்ன விளக்கு வைத்த ஸ்க்ரூ டிரைவரை) மட்டும் நம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நியூட்ரல் அறுந்த லைனில் வேறு ஏதாவது ஒரு பல்போ ஃபேனோ ஆனில் இருந்தால், அதன் வழியாக வரும் ஃபேஸ் நியூட்ரல் துளைக்கும் வந்துவிடும். டெஸ்டர் இரண்டு துளையிலும் எரியும். "கரன்ட்தான் ரெண்டு பக்கமும் வருதே" என்று எலக்ட்ரீஷியனே கிளம்பிப் போவார்.

300 வோல்ட்டுக்கு மேல் காட்டினாலோ, வீட்டில் ஒரு அறை பல்பு பளீரென்றும் இன்னொரு அறை பல்பு மங்கலாகவும் எரிந்தாலோ மெயினை உடனே அணையுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பில் நியூட்ரல் விட்டுப்போனால் இப்படி ஆகும். இது உங்கள் டிஷ்வாஷரோடு நிற்காது; பிரிட்ஜ், டிவி எல்லாம் போகும். கோளாறு எம்சிபிகள் இருக்கும் உங்கள் வீட்டு டிபி பாக்ஸுக்குள்ளும் இருக்கலாம், தெருக் கம்பத்திலும் இருக்கலாம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. அங்கே புகார் சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியனையும் கூப்பிடுங்கள். டிஷ்வாஷர் செத்ததே இந்த மாதிரி ஒரு ராத்திரிக்குப் பிறகுதான் என்றால் போர்டு உண்மையாகவே அடிவாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

எப்போது ட்ரிப் ஆகிறது?

உங்கள் இயந்திரம் முழுக்கச் செத்திருக்காமல், ஆன் செய்தால் வீட்டையே இருட்டாக்குகிறதா? அப்படியென்றால் உங்களுக்குப் பாதி வேலை குறைந்தது. எது விழுகிறது, எப்போது விழுகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் எழுதி வையுங்கள்.

டிபி பாக்ஸில் ஒற்றை நெம்புகோல் உள்ள சிறிய எம்சிபி விழுந்தால் ஷார்ட் அல்லது ஓவர்லோடு. "டி" என்று சின்ன டெஸ்ட் பட்டன் வைத்த அகலமான ஆர்சிசிபி விழுந்தால் கரன்ட் எர்த்துக்குக் கசிகிறது. வீடுகளில் இது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே வெட்டும்படி இருக்கும். இரண்டையும் ஒரே பெயரில் "ட்ரிப்பர்" என்று சொல்லிவிட்டால் வருகிற மெக்கானிக்குக்கு எதுவும் புரியாது.

பிளக்கைச் சொருகிச் சுவர் சுவிட்சைப் போட்ட அந்த நொடியிலேயே, இயந்திரத்தின் பட்டனைத் தொடாமலே விழுந்தால் ஒயர், ஃபில்டர், போர்டின் நுழைவாயில் ஆகிய மூன்றில் ஒன்று. தண்ணீர் உள்ளே வரும்போது விழுந்தால் இன்லெட் வால்வு, அல்லது எங்கோ ஒழுகி ஒயர் நனைகிறது. ஓடத் தொடங்கிச் சில நிமிடம் ஒழுங்காகப் போய், தண்ணீர் சூடாகும் நேரத்தில் விழுந்தால் ஹீட்டர். அழுக்குத் தண்ணீரை வெளியேற்றும்போது விழுந்தால் டிரெய்ன் பம்ப். விழுந்த நேரத்தைக் குறித்து வைத்தால் பாதி இயந்திரத்தைத் திறக்காமலே விட்டுவிடலாம்.

சமையலறையில் இன்டக்‌ஷன் அடுப்பும் மைக்ரோவேவும் ஒரே எம்சிபியில் தொங்கினால், டிஷ்வாஷர் ஹீட்டர் வரும்போது எம்சிபி சற்று நேரம் பொறுத்துவிட்டு விழும். அது ஓவர்லோடு, இயந்திரம் நிரபராதி. அபார்ட்மென்ட் ஜெனரேட்டரில் ஓட்டினாலும் இதே கதை. வீட்டுக்கு இவ்வளவு வாட் என்று வரம்பு வைத்திருப்பார்கள், ஹீட்டர் வந்ததும் வெட்டிவிடும்.

ஆர்சிசிபி விஷயத்தில் இன்னொன்று. டிஷ்வாஷரின் சுவர் சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஆர்சிசிபி விழலாம். சுவிட்ச் வெட்டுவது ஃபேஸை மட்டுமே. நியூட்ரல் இயந்திரத்துக்குள் இன்னும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஹீட்டரின் நியூட்ரல் பக்கம் எர்த்தில் கசிந்தால், வீட்டில் வேறு எதையாவது போட்டவுடன் ஆர்சிசிபி விழும். ஏசி போட்டால் விழுகிறது என்று ஏசி மெக்கானிக்கைக் கூப்பிடுவீர்கள், குற்றவாளி டிஷ்வாஷராக இருக்கும். அதனால் சோதிக்கும்போது பிளக்கையே பிடுங்குங்கள். பிடுங்கிய பின் ஒரு நாள் முழுக்க விழவில்லை என்றால் இதுதான்.

செத்ததுபோல் இருப்பவை

ஸ்க்ரூ டிரைவரை எடுக்குமுன் இவற்றை வேகமாகப் பார்த்துவிடுங்கள். சைல்டு லாக், தாமதமாக ஆரம்பிக்கும் டைமர் ஆகிய இரண்டும் ஆனில் இருந்தால் லைட் எரியும், ஓடாது. கீழ்த்தட்டில் குக்கரோ பெரிய எவர்சில்வர் தாம்பாளமோ துருத்திக்கொண்டிருந்தால் கதவு மூடியதுபோல் தெரியும், பூட்டு க்ளிக் ஆகியிருக்காது. மேல்தட்டுக் கரண்டியின் காம்பும் இதைச் செய்யும்.

பம்ப் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்து வேறெதுவும் நடக்கவில்லை என்றால் அடித்தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அங்கே தெர்மோகோல் மாதிரி ஒரு மிதவையும் அதன் மேல் சின்ன சுவிட்சும் இருக்கும். ஒழுகிய தண்ணீர் மிதவையைத் தூக்கினால் இயந்திரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் தண்ணீரை வெளியேற்றுவதிலேயே குறியாக இருக்கும். பாஷ் இயந்திரங்களில் இது இ15 என்று திரையில் வரும். இது கரன்ட் கோளாறே இல்லை. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்து, தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தால் இயந்திரம் பிழைத்துக்கொள்ளும்.

திறக்காமல் மூன்று அளவு

பலருக்குத் தெரியாத ஒரு வசதி, பிளக்கிலேயே நிறைய அளந்துவிடலாம். பிளக் கையில் இருக்கிறது, சுவரில் இல்லை. இயந்திரத்தின் பவர் பட்டன் அழுத்தினால் உள்ளே போய் நிற்கும் ரகமாக இருந்தால் அதை ஆனில் வையுங்கள். மீட்டரை ஓம்ஸில், அதாவது மின்தடையை அளக்கும் இடத்தில், மிகப் பெரிய அளவில் வைத்து முதலில் ஃபேஸ் பின்னுக்கும் நியூட்ரல் பின்னுக்கும் நடுவே பாருங்கள். லட்சக்கணக்கான ஓம் காட்டினால், அல்லது எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால், உள்ளே ஃபில்டர் வரை வழி இருக்கிறது என்று அர்த்தம். கன்டினியூட்டியில், அதாவது வழி அறுபடாமல் இருந்தால் பீப் அடிக்கும் இடத்தில், வைக்கும்போது பீப் அடித்தால் உள்ளே ஷார்ட். எந்த அளவிலும் எதுவுமே காட்டாவிட்டால் ஒயரோ ஃபில்டரோ சுவிட்சோ அறுந்திருக்கலாம்.

அடுத்து ஃபேஸ் பின்னுக்கும் எர்த்துக்கும், பிறகு நியூட்ரல் பின்னுக்கும் எர்த்துக்கும். இரண்டிலும் மீட்டர் "ஓஎல்" என்று, அதாவது அளவு கடந்தது என்று காட்ட வேண்டும். சில ஆயிரம் ஓம் காட்டினால் கசிவு உறுதி. நியூட்ரல் பக்கத்தில் மட்டும் கசிவு தெரிந்தால் ஹீட்டரைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் பல இயந்திரங்களில் ரிலே (போர்டு இயக்கும் சுவிட்ச்) ஹீட்டரின் ஒரு முனையைத்தான் வெட்டுகிறது. மறு முனை எப்போதும் நியூட்ரலோடு இருக்கிறது.

திறந்த பிறகு

மாடலுக்கு மாடல் மாறும். பெரும்பாலும் கதவுக்குக் கீழே உள்ள குறுக்குத் தகடு, அல்லது பக்கவாட்டுத் தகடு கழன்று வரும். ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றுமுன்பும் ஒரு போட்டோ, உள்ளே ஒவ்வொரு ஒயர் முனையைப் பிடுங்குமுன்பும் ஒரு போட்டோ.

முதலில் அளக்காதீர்கள், பாருங்கள், மோந்தும் பாருங்கள். கருகிய வாடை எளிதில் போகாது. டார்ச் அடித்தால் எலிப் புழுக்கையோ கடித்த ஒயரோ தெரிகிறதா? இயந்திரத்தின் அடிப்பகுதி வெதுவெதுப்பாகவும் இருட்டாகவும் இருக்கும். எலிக்கும் கரப்பானுக்கும் அதைவிட வேறென்ன வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் ஒயர் முனையில் சொருகியிருக்கும் பித்தளை லக்குகளைக் கவனியுங்கள். உப்புக் காற்றில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். களிம்பு பிடித்த இடத்தில் தொடுதல் குறைந்து சூடாகும், சூடானால் லக்கின் பிடி தளரும், தளர்ந்தால் இன்னும் சூடாகும். லக்கைச் சுற்றிய வெள்ளை பிளாஸ்டிக் உறை தேன் நிறத்துக்கு மாறியிருந்தால் இது நெடுநாளாக நடக்கிறது. லக்கைப் பிடுங்கி, களிம்பைச் சுரண்டிவிட்டு அப்படியே திரும்பச் சொருகினால் கொஞ்ச நாள் ஓடும். புது லக் அடிப்பதுதான் சரியான வைத்தியம்.

இனி மீட்டர் கன்டினியூட்டியில். பிளக்கின் ஃபேஸ் பின்னில் ஒரு ப்ரோப், அதே ஒயர் உள்ளே வந்து முடியும் இடத்தில் மற்றொன்று. பீப் அடிக்க வேண்டும். அடிக்கும்போதே ஒயரை முழு நீளத்துக்கும் வளைத்துப் பாருங்கள், முக்கியமாகப் பிளக்கை ஒட்டிய இடத்தையும் பின்பக்கம் இயந்திரத்துக்குள் நுழையும் இடத்தையும். பீப் விட்டு விட்டு வந்தால் ஒயர் உள்ளே அறுந்திருக்கிறது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இதே.

ஒயர் நேராகப் போய்ச் சேருவது ஃபில்டரில். தீப்பெட்டி அளவோ சற்றுப் பெரிதோ இருக்கும், மேலே ஒயரிங் படம் அச்சிட்டிருக்கும். உள்ளே போகும் ஃபேஸுக்கும் வெளியே வரும் ஃபேஸுக்கும் நடுவே பீப் வேண்டும், நியூட்ரலுக்கும் அப்படியே. உள்ளே உள்ள சுருள் எரிந்து ஒரு பக்கம் விட்டுப்போவது நடக்கக்கூடியது. உப்பியோ வெடித்தோ இருந்தால் அளக்கக்கூட வேண்டாம். ஃபில்டர் செத்தால் இயந்திரம் மொத்தமாகச் செத்ததுபோல் இருக்கும், ஒரு லைட்டும் வராது. அந்த நேரத்தில் போர்டை மாற்றினாலும் உயிர் வராது.

அடுத்து பவர் சுவிட்ச். அழுத்தினால் பீப், விட்டால் அமைதி. கதவுப் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோ சுவிட்சும் அப்படித்தான், பூட்டின் நாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பார்க்கலாம். சில இயந்திரங்களில் கதவுச் சுவிட்ச் மெயின் சப்ளையையே வெட்டும், அதில் கோளாறு என்றால் லைட்டே வராது. மற்றவற்றில் அது போர்டுக்குச் செய்தி மட்டும் சொல்லும். லைட் எரியும், ஆனால் ஓடாது.

கடைசியாக, பலர் கோட்டை விடும் இடம்: கதவின் கீழ்க் கீல். பட்டன்களும் திரையும் கதவில் இருக்கின்றன, அங்கே போகும் ஒயர்க் கொத்து கீல் வழியாக வளைந்து போகிறது. தினமும் இரண்டு தடவை கதவைத் திறந்து மூடினாலும் வருஷத்துக்கு எழுநூறு தடவைக்கு மேல் வளைகிறது. செம்பு ஒரே இடத்தில் வளைந்து வளைந்து முறியும். மேலே உறை பழுதில்லாமல் பளபளவென்று இருக்கும். கொத்தின் இரு முனையிலும் அதே நிற ஒயரைப் பிடித்து, பீப் ஒலிக்கும்போது இன்னொருவரைக் கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். பாதி திறந்த நிலையில் பீப் விட்டுப்போய், மூடும்போது திரும்ப வந்தால் அந்த ஒயர்தான். "சில நாள் ஓடும், சில நாள் ஓடாது, கதவைக் கொஞ்சம் தூக்கி மூடினால் ஓடும்" என்று வீட்டில் பேச்சு இருந்தால் நேராக இங்கேயே வந்துவிடுங்கள்.

இப்போது போர்டு

இவ்வளவும் சரியாக இருந்து போர்டின் வாசல் வரை வழி தடையில்லாமல் இருந்தால், போர்டைச் சந்தேகிக்க உங்களுக்கு உரிமை வந்துவிட்டது. கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கருத்த தடம், மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டர், வெடித்த நீலம் அல்லது மஞ்சள் வட்டு. அந்த வட்டுதான் வேரிஸ்டர். வோல்டேஜ் எகிறினால் தன்னையே பலி கொடுத்து ஃபியூசை அடிக்க வைப்பது அதன் வேலை. சில சமயம் இரண்டு பின்களுக்கு நடுவே ஒரு பல்லி காய்ந்து கிடக்கும். நம் ஊரில் இது வேடிக்கையில்லை, வாஷிங் மெஷின், ஏசி அவுட்டோர் யூனிட், டிஷ்வாஷர் எல்லாவற்றிலும் போர்டின் சத்துரு.

ஃபியூசில் கன்டினியூட்டி வையுங்கள். பீப் இல்லை என்றால் ஃபியூஸ் போயிருக்கிறது. அது ஏன் போனது என்பதுதான் அடுத்த கேள்வி. வேரிஸ்டரோ, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயரோ ஷார்ட் ஆகியிருக்கும்போது புது ஃபியூஸ் போட்டால் அதுவும் உடனே போகும். அலுமினியத் தாளோ செம்புக் கம்பியோ சுற்றிப் போடுவது பற்றிப் பேச்சே வேண்டாம். ரிப்பேர் கடைகளில் ஒரு பழைய குண்டு பல்பை லைனில் தொடராக மாட்டிய சீரியஸ் போர்டு வைத்திருப்பார்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், போர்டு மேலும் கெடாது. போர்டை இந்த நிலையில் ரிச்சி தெருவிலோ வேறெங்கோ போர்டு ரிப்பேர் செய்பவரிடம் கொடுப்பது நல்லது. புது போர்டு விலையோடு ஒப்பிட்டால் ஃபியூஸ், வேரிஸ்டர், ஒரு பவர் ஐசி மாற்றும் கூலி மிகக் குறைவு.

வீட்டிலேயே போர்டுக்குச் சப்ளை கொடுத்து அளந்து பார்க்கும் ஆசை வரும். வேண்டாம். 5 வோல்ட், 12 வோல்ட் என்று போட்டிருப்பதால் தொடலாம் என்று நினைப்பார்கள். இந்த வகைப் போர்டுகள் பலவற்றில் அந்த 12 வோல்ட் பக்கமும் மெயின் லைனோடு நேரடியாகத் தொடர்புள்ளது, தொட்டால் அடிக்கும்.

ஹீட்டர் மேல் சந்தேகம் வந்தால்

ஹீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றிவிட்டு முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 2000 வாட் ஹீட்டருக்கு 26 ஓம் வர வேண்டும்; 230ஐ 230ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் கிடைக்கும் கணக்கு. 20க்கும் 30க்கும் நடுவே இருந்தால் சரி. ஓஎல் என்றால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது; ஆனால் அதனால் இயந்திரம் சாகாது, தண்ணீர்தான் சூடாகாது.

கசிவு வேறு கதை. முனைக்கும் ஹீட்டரின் உலோக உறைக்கும் நடுவே ஓஎல் வேண்டும். ஆனால் மல்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கிறது. 230 வோல்ட்டில், சூட்டில் மட்டும் கசியும் ஹீட்டர் இதில் தப்பிவிடும். அதைப் பிடிக்க 500 வோல்ட் கொடுத்துச் சோதிக்கும் மெகர் என்ற மீட்டர் வேண்டும். நல்ல எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். ஹீட்டரின் கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளைத் தூள் மெக்னீசியம் ஆக்சைடு, அது ஈரத்தை இழுக்கும். மே மாத லீவுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தோ, ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வாரம் ஓட்டாமல் வைத்தோ, முதல் தடவை போட்டவுடன் ஆர்சிசிபி விழுவதற்கு இது ஒரு காரணம். ஹீட்டர் ஒயரைக் கழற்றி முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றி, தகடுகளை மூடிவிட்டு ஒரு தடவை ஓட விடுங்கள். இப்போது விழவில்லை என்றால் ஹீட்டர்தான். சில மாடல்களில் ஹீட்டர் பம்போடு சேர்த்தே வரும், தனியாகக் கிடைக்காது. வாங்குமுன் கதவின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். டிரெய்ன் பம்ப் நூற்றுச் சொச்சம் ஓம், இன்லெட் வால்வு சில ஆயிரம் ஓம் காட்டுவது வழக்கம்.

மெக்கானிக்கை அழைப்பதென்றால்

போனில் "ஓடலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சாக்கெட்ல 230 வருது, ஒயர், ஃபில்டர், சுவிட்ச் எல்லாம் கன்டினியூட்டி இருக்கு, போர்டு ஃபியூஸ் ஓப்பன்" என்று சொல்லிப் பாருங்கள். பேசுகிறவரின் தொனியே மாறும். வந்தவர் போர்டை மாற்றச் சொன்னால், எதை அளந்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் அண்ணே என்று மரியாதையாகவே கேளுங்கள். தெரிந்தவர் மீட்டரை வைத்துக் காட்டிவிடுவார். மாற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லில் பாகத்தின் எண் இருக்கட்டும்.

யார் சரிசெய்தாலும் முதல் ஓட்டம் பாத்திரம் இல்லாமல், சுடுதண்ணீர் வரும் ஒரு குறும் புரோகிராமில். எர்த் ஒயர் திரும்ப மாட்டப்பட்டிருக்கிறதா என்று மூடுமுன் பிளக்கின் எர்த் பின்னிலிருந்து உள்ளே தகரம் வரை பீப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் வரை பக்கத்திலேயே இருங்கள், அடியில் டார்ச் அடித்து ஒழுகல் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிடுங்கிப் பின்களைத் தொட்டுப் பாருங்கள். இன்னும் சுட்டால் சாக்கெட்டை மாற்றிவிட்டு அப்புறம் பாத்திரத்தை அடுக்குங்கள்.